பழைய பிக்கப் வண்டிகளில் தேய்ந்த பெல்ட்டையும் புல்லியையும் மாற்றும் முறை

விருதுநகர் ஜில்லாவில் விளைபொருள்களை நிலத்திலிருந்து சந்தைக்குக் கொண்டு சேர்க்கும் வேலையில் மாட்டு வண்டியின் இடத்தைப் பெரும்பாலும் பிக்கப் வண்டிகள் பெற்றுவிட்டன. சாத்தூர், அருப்புக்கோட்டைக் கரிசல் நிலங்களின் பருத்தி, மிளகாய், மக்காச்சோளம், பயறு வகைகளும், இராஜபாளையத்து மாம்பழமும், வத்திராயிருப்பு வட்டாரத்து நெல்லும் தேங்காயும் இவ்வண்டிகளிலேயே சந்தை சேருகின்றன. ஜனங்கள் குட்டி யானை என்றழைக்கும் டாடா ஏஸ் வண்டி 2005-ஆம் வருஷத்திலும், அசோக் லேலண்டு தோஸ்த் வண்டி 2011-ஆம் வருஷத்திலும் வெளிவந்தன. அக்காலத்தில் வாங்கப்பட்ட வண்டிகள் பல, பத்துப் பதினைந்து வருஷங்களைக் கடந்தும் இன்னும் கிராமங்களில் உழைத்து வருகின்றன.

இத்தகைய பழைய வண்டிகள் வழியில் நின்றுபோவதற்குப் பெரிய பழுதுகளே காரணமென்று எண்ணுவது வழக்கம். ஆனால் இரண்டு விரல் அகலங்கூட இல்லாத ஒரு ரப்பர் பெல்ட் அறுந்துபோவதனால் நின்றுவிடும் வண்டிகளும் அநேகம். பெல்ட்டின் விலை சொற்பம். அது அறுந்ததைக் கவனியாமல் சிறிது தூரம் ஓட்டிவிட்டால், என்ஜின் கொதித்து, அதன் தலைப்பாகம் வளைந்து, அதற்குக் கீழுள்ள காஸ்கெட் எரிந்து, பழுது பார்க்கும் செலவு ஒரு போகத்து லாபத்தையே விழுங்கிவிடக்கூடும். ஏற்றிய சரக்கு மல்லிகைப் பூவாகவோ காய்கறியாகவோ இருந்தால் அந்நாளைய விலையும் போய்விடும்.

பெல்ட்டை மாற்றுவது கடினமான வேலையன்று. எனினும் புதுப் பெல்ட் மாட்டிய சில வாரங்களுக்குள் அதுவும் தேய்ந்துவிட்டதென்று குறை கூறுவோர் உண்டு. பெல்ட்டை மாத்திரம் மாற்றி, அதைத் தேயச் செய்த காரணத்தை அப்படியே விட்டுவிடுவதே இதற்குப் பெரும்பாலும் ஏதுவாகும். கமலை இறைத்த காலத்தை அறிந்த பெரியோர்களுக்கு இது புதிய விஷயமன்று. உருளை கோணலாக நின்றாலும், அதன் அச்சு தேய்ந்து இறுகிப்போனாலும், வடம் ஒரு பக்கமாக உராய்ந்து இழை இழையாகப் பிரியும். அப்போது புது வடம் மாத்திரம் வாங்கியவன் மறுபடியும் வடம் வாங்க நேர்ந்தது. உருளையைச் சரி செய்தவனுக்குப் பழைய வடமே இன்னும் சில காலம் உழைத்தது. மோட்டார் வண்டியின் பெல்ட்டுக்கும் புல்லிக்கும் உள்ள சம்பந்தமும் இதுவே.

பெல்ட் செய்யும் வேலை

என்ஜினின் முன்புறத்தில், கிராங்க் தண்டின் நுனியில் ஒரு புல்லி பொருத்தப்பட்டிருக்கிறது. என்ஜின் ஓடும்போது இது சுழல்கிறது. இதன்மேல் செல்லும் பெல்ட், தண்ணீர் பம்பு, டைனமோ என்று வழங்கும் ஆல்ட்டர்னேட்டர் ஆகியவற்றின் புல்லிகளையும் கூடவே சுழற்றுகிறது. பல வண்டிகளில் ரேடியேட்டர் விசிறி தண்ணீர் பம்பின் அச்சிலேயே பூட்டப்பட்டிருக்கும். பவர் ஸ்டீயரிங், குளிர்சாதனம் ஆகியவை உள்ள வண்டிகளில் அவற்றின் பம்புகளையும் பெல்ட்டே ஓட்டும். சில டீசல் வண்டிகளில் பிரேக்குக்குத் துணை செய்யும் வாக்குவம் பம்பு டைனமோவின் பின்புறத்தில் இணைக்கப்பட்டுள்ளது.

ஆகையால் பெல்ட் அறுந்தால் என்ஜினைச் சுற்றித் தண்ணீர் ஓடுவது நின்றுவிடும், பாட்டரியில் மின்சாரம் ஏறாது, ஸ்டீயரிங் கனக்கும், சில வண்டிகளில் பிரேக் மிதி கட்டையைப் போல் விறைத்துவிடும். பழைய டீசல் என்ஜின்கள் பாட்டரியின் உதவியில்லாமலே தொடர்ந்து ஓடக்கூடியவையாதலால், ஓட்டுபவர் ஒன்றும் நேரவில்லையென்று நினைத்து வண்டியை நடத்திவிடுகிறார். இதுவே பெரும் நஷ்டத்துக்கு வழி. முகப்பில் பாட்டரி விளக்கு சிவப்பாக எரிந்து, சூடு காட்டும் முள்ளும் ஏறினால், பெல்ட் அறுந்ததென்றே கொண்டு வண்டியை ஓரத்தில் நிறுத்தி என்ஜினை அணைத்துவிட வேண்டும். சூடாயிருக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறத்தல் கூடாது. கொதிநீர் பீறிட்டு முகத்தையும் கைகளையும் வேகவைத்துவிடும்.

பெல்ட் எவ்வளவு உழைக்கிறது என்பதை ஒரு சிறு கணக்கினால் அறியலாம். கிராங்க் புல்லியின் குறுக்களவு 150 மில்லிமீட்டர், பெல்ட்டின் நீளம் 1,200 மில்லிமீட்டர், என்ஜினின் வேகம் நிமிஷத்துக்கு 2,000 சுற்று என்று வைத்துக்கொண்டால், பெல்ட் நிமிஷத்துக்குச் சுமார் 785 தடவை தன் பாதையைச் சுற்றி வருகிறது. ஒரு மணி நேரத்தில் இது 47,000 தடவையாகும். விருதுநகரிலிருந்து மதுரை மாட்டுத்தாவணிச் சந்தைக்கு ஒருமுறை போய்ச் சேருவதற்குள் பெல்ட்டின் ஒவ்வொரு பாகமும் ஒவ்வொரு புல்லியிலும் ஏறத்தாழ இத்தனை முறை வளைந்து நிமிர்கிறது. புல்லி ஒன்று சிறிதளவு கோணலாயிருந்தாலும் அதன் தீங்கு இத்தனை முறை பெருகுகிறதென்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பெல்ட்டின் வகைகள்

பழைய அரைவை மில்களிலும் ஆயில் என்ஜின்களிலும் ஓடியது தட்டைப் பெல்ட். மோட்டார் வண்டிகளில் காணப்படுபவை இரண்டு வகை. முதலாவது, ஆப்பு வடிவமான வீ-பெல்ட். அமெரிக்காவில் டென்வர் நகரத்து ஜான் கேட்ஸ் என்பவர் 1917-இல் இதனை மோட்டார் வண்டிகளுக்கென அமைத்தார். இப்பெல்ட் புல்லியின் பள்ளத்தில் இரு பக்கச் சுவர்களையும் ஆப்பைப் போல் இறுகப் பிடித்து இழுக்கிறது. பள்ளத்தின் அடியை அது தொடவே கூடாது. தொட்டால் பிடிப்பு நீங்கி வழுக்கும். இரண்டாவது, உட்புறத்தில் நீளவாக்கில் சிறு வரிகள் கொண்ட தட்டையான வரிப் பெல்ட். ஒரே பெல்ட் வளைந்து வளைந்து சென்று பல புல்லிகளை ஓட்டுவதற்கு இது ஏற்றது.

பெல்ட்டின் முதுகில் அச்சிட்டிருக்கும் குறியை விவசாயிகள் படிக்கத் தெரிந்துகொள்வது நலம். 6பி.கே.1200 என்றிருந்தால், ஆறு வரிகளும் 1,200 மில்லிமீட்டர் நீளமும் உள்ள வரிப் பெல்ட் என்று பொருள். ஏ.வி.எக்ஸ். 13 × 1000 என்றிருந்தால், மேல் அகலம் 13 மில்லிமீட்டரும் நீளம் 1,000 மில்லிமீட்டரும் உள்ள வீ-பெல்ட் என்று கொள்க.

தேய்வதற்குக் காரணங்கள்

முதற்காரணம் சூடு. பெல்ட்டின் உட்சூடு 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிறதென்பது பெல்ட் தொழிலில் வழங்கும் கணக்கு. அக்கினி நட்சத்திர நாட்களில் முழுப் பாரத்துடன் ஓடும் வண்டியின் பெல்ட் படும் பாட்டை இதிலிருந்து ஊகிக்கலாம்.

இரண்டாவது தூசி. கரிசல் வண்டிப் பாதைகளின் புழுதியும், கல் குவாரி, சிமெண்டு ஆலைகளின் அருகிலுள்ள பாதைகளின் கல் தூளும் பெல்ட்டுக்கும் புல்லிக்கும் இடையே புகுந்து உப்புக்காகிதம் போல் இரண்டையும் அராவுகின்றன. இதனால் ரப்பர் மாத்திரமன்று, இரும்புப் புல்லியின் சுவரும் குழிந்துவிடுகிறது.

மூன்றாவது எண்ணெயும் தண்ணீரும். கிராங்க் தண்டின் முன் சீலிலிருந்து கசியும் எண்ணெய் ரப்பரை ஊறச்செய்து மிருதுவாக்கும். தண்ணீர் பம்பின் அடியிலுள்ள சிறு துவாரத்தின் வழியே நீர் ஒழுகினால் பம்பின் சீல் கெட்டதென்று அறிந்து, அதைச் சரி செய்த பின்னரே புதுப் பெல்ட் மாட்ட வேண்டும்.

நான்காவது தவறான இறுக்கம். தளர்ந்த பெல்ட் வழுக்கிச் சூடேறும். அளவு மீறி இறுக்கிய பெல்ட் தண்ணீர் பம்பு, டைனமோ ஆகியவற்றின் பேரிங்குகளைக் கெடுக்கும். சத்தம் கேட்டவுடன் இன்னும் இறுக்குவதே பரிகாரமென்று நினைப்பது தவறு.

ஐந்தாவது, புல்லிகள் ஒரே நேர்கோட்டில் நில்லாமை. இது அனைத்திலும் அதிகமாகக் கவனிக்கப்படாமல் விடப்படுகிறது.

தேய்மானத்தின் அடையாளங்கள்

மாதத்துக்கு ஒருமுறையேனும், என்ஜின் குளிர்ந்திருக்கும் காலை வேளையில், வெளிச்சத்தில் பெல்ட்டைப் பார்வையிட வேண்டும். பெல்ட்டைச் சிறிது முறுக்கி உட்புறத்தையும் காண வேண்டும். பக்கங்கள் கண்ணாடி போல் மின்னினால் பெல்ட் வழுக்குகிறது. ஓரம் இழை இழையாகப் பிரிந்தால் புல்லி கோணலாயிருக்கிறது. வரிகளில் துண்டுகள் பெயர்ந்திருந்தாலும், உள்நூல் வெளியே தெரிந்தாலும், எண்ணெயில் ஊறிப் பருத்திருந்தாலும் பெல்ட்டை உடனே மாற்ற வேண்டும். பழைய வகை ரப்பர்ப் பெல்ட்டில் மூன்று அங்குல நீளத்துக்குள் மூன்று வெடிப்புகளுக்கு மேல் காணப்பட்டாலும் அவ்வாறே.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். அண்மைக் காலத்துப் பெல்ட்டுகள் ஈ.பி.டி.எம். என்னும் ரப்பரால் செய்யப்படுகின்றன. இவை ஆயுள் முடிந்தபோதும் சுலபமாக வெடிப்பதில்லை. மோட்டார் டயரைப் போல் மெல்ல மெல்லத் தேய்ந்து போகின்றன. வரிகளுக்கிடையேயுள்ள பள்ளம் அகன்று, பெல்ட் புல்லிக்குள் ஆழமாக இறங்கிவிடும். ஆகையால் வெடிப்பு இல்லாததைக் கொண்டு பெல்ட் நன்றாயிருக்கிறதென்று தீர்மானித்தல் கூடாது. புதுப் பெல்ட் ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். வீ-பெல்ட் ஆனால், அதன் முதுகு புல்லியின் விளிம்புக்குச் சமமாகவோ சிறிது மேலாகவோ நிற்க வேண்டும். விளிம்புக்குக் கீழே இறங்கியிருந்தால் பெல்ட்டோ புல்லியோ தேய்ந்ததாகும்.

சத்தத்தைக் கொண்டும் குறையை அறியலாம். என்ஜினை மெதுவாக ஓடவிட்டு, கை எட்ட இருந்துகொண்டு, துளையிட்ட மூடியுள்ள ஒரு புட்டியினால் பெல்ட்டின் உட்புறத்தில் சிறிது தண்ணீர் தெளிக்க வேண்டும். சத்தம் உடனே நின்று, சிறிது நேரத்துக்குப் பின் திரும்பி வந்தால் புல்லிகள் நேராக இல்லை. தண்ணீர் பட்டவுடன் சத்தம் அதிகரித்தால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. மழைக்கால விடியற்காலையில் மாத்திரம் கிறீச்சிட்டுப் பிறகு அடங்கும் சத்தமும் தளர்ச்சியையே பெரும்பாலும் குறிக்கும்.

புல்லிகளைச் சோதித்தல்

இது பெல்ட்டைக் கழற்றிய பின் செய்ய வேண்டியது. இந்த ஒரு வேலைக்கு அரை மணி நேரம் செலவிட்டால் மற்றொரு பெல்ட்டின் விலை மிச்சமாகும்.

முதலில் ஒவ்வொரு புல்லியையும் கையினால் சுழற்ற வேண்டும். நல்ல பேரிங் சத்தமின்றி, மிருதுவாக, ஒரே சீராகச் சுழலும். கரகரவென்று ஒலித்தாலும், இடையிடையே பிடித்தாலும் பேரிங் கெட்டது. பெல்ட்டை இறுக்கி வைக்கும் டென்ஷனர்ப் புல்லியும், வழிகாட்டும் ஐட்லர்ப் புல்லியும் ஒரு தட்டுக்கு நெடுநேரம் நிற்காமல் சுழன்றால் அதை நல்ல அடையாளமென்று மகிழ வேண்டாம்; உள்ளேயிருந்த கிரீஸ் வற்றிப்போனதே அதற்குக் காரணம். பிறகு புல்லியை இரு விரல்களால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் தெரிந்தால் மாற்றவேண்டியதே. விசிறியின் இறக்கைகளைப் பிடித்து அசைத்தால் தண்ணீர் பம்பின் பேரிங் நிலைமை தெரியும்.

அடுத்து நேர்கோடு. நேரான இரும்பு அடிக்கோல் ஒன்றைக் கிராங்க் புல்லியின் முகத்தில் வைத்து, மற்றப் புல்லியின் முகத்தையும் அது ஒருங்கே தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். கோல் நுழையாத இடத்தில் இழுத்துப் பிடித்த நூல் போதும். இரு புல்லிகளின் முகப்பு ஓரங்கள் ஒரே கனமாயில்லாத வண்டிகளில் பள்ளத்தின் நடுவையே அளவாகக் கொள்ள வேண்டும். ஓர் அடி தூரத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டருக்குமேல் விலகல் இருத்தல் கூடாது. விலகல் கண்டால், டைனமோவைத் தாங்கும் பிராக்கெட் வளைந்திருக்கிறதா, அதன் போல்ட் துவாரம் அகன்றுவிட்டதா, முன்பு பழுது பார்த்தபோது வாஷர் ஒன்று விடுபட்டதா என்று தேட வேண்டும்.

பின்னர்ப் பள்ளங்களைப் பார்க்க வேண்டும். வீ-புல்லியின் பள்ளத்தின் அடி மின்னினால் பெல்ட் அடியைத் தொடுகிறது. சுவர்கள் நேராயில்லாமல் உட்குழிந்து கிண்ணம்போல் ஆகியிருந்தால் புதுப் பெல்ட்டும் அதில் நில்லாது. புல்லியையே மாற்றுவது சிக்கனம். துரு மாத்திரம் இருந்தால் கம்பிப் பிரஷ்ஷினால் தேய்த்து, துணியால் துடைத்துவிடலாம்.

கிராங்க் புல்லியில் இன்னொரு விசேஷம் உண்டு. பல வண்டிகளில் அதன் உட்பாகத்துக்கும் வெளி வளையத்துக்கும் நடுவே, அதிர்ச்சியைத் தாங்குவதற்காக ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. பழைய வண்டிகளில் இந்த ரப்பர் வறண்டு விட்டுப்போக, வெளி வளையம் தனியே நழுவத் தொடங்கும். உட்பாகத்திலிருந்து வெளி வளையம் வரை ஒரே கோடாக வெள்ளைப் பெயிண்டினால் இழுத்துவிட்டு, ஒரு நாள் ஓட்டிய பின் பார்த்தால், கோடு இரண்டாக விலகியிருப்பின் புல்லி நழுவுகிறதென்று நிச்சயிக்கலாம். இதனை ஒட்டவைக்க முயலாமல் புதியதையே போட வேண்டும்.

பேரிங் மாத்திரம் கெட்டு, புல்லி நன்றாயிருந்தால், சில வகைகளில் பேரிங்கை மாத்திரம் மாற்ற இயலும். பேரிங்கின் முகத்தில் எண் பொறித்திருக்கும். 6203 என்ற எண்ணுள்ள பேரிங்கின் உட்துவாரம் 17 மில்லிமீட்டரும், வெளியளவு 40 மில்லிமீட்டரும், கனம் 12 மில்லிமீட்டரும் ஆகும். எண்ணுக்குப் பின் 2ஆர்.எஸ். என்றிருப்பது இருபுறமும் ரப்பர் மூடியுள்ளதைக் காட்டும். தூசி மிகுந்த இவ்வட்டாரத்துக்கு அதுவே ஏற்றது. புல்லிக்குள் பேரிங்கைச் செலுத்தும்போது வெளி வளையத்தின்மேல் மாத்திரமே அழுத்தம் கொடுக்க வேண்டும். உள்வளையத்தில் சுத்தியால் அடித்தால் புதுப் பேரிங்கும் அன்றே கெடும். பிளாஸ்டிக் புல்லியோடு பேரிங் சேர்த்து வார்க்கப்பட்டிருந்தால் புல்லி முழுவதையும் மாற்றுவதே முறை.

மாற்றும் முறை

என்ஜின் நன்றாகக் குளிர்ந்த பின், வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கை பிரேக்கைப் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, சாவியை எடுத்துவிட வேண்டும். பாட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். சில வண்டிகளில் மின்விசிறி தானாகவே சுழலத் தொடங்குமாதலால் இது அவசியம். வேட்டி நுனியும் தோள்துண்டும் புல்லியில் சிக்காதவாறு அவற்றை நீக்கிவிட்டு வேலை தொடங்குதல் வேண்டும்.

பெல்ட் செல்லும் பாதையை ஒரு காகிதத்தில் வரைந்துகொள்ள வேண்டும். செல்பேசியில் படம் பிடித்தாலும் சரியே. வரிப் பெல்ட் எந்தப் புல்லியில் வரிப்புறமாகவும் எதில் முதுகுப்புறமாகவும் செல்கிறதென்பது முக்கியம்.

டைனமோவை நகர்த்தி இறுக்கும் அமைப்பாயின், அதன் கீழ் அச்சு போல்ட்டையும் மேலேயுள்ள பூட்டு போல்ட்டையும் தளர்த்தி, டைனமோவை என்ஜின் பக்கம் தள்ளினால் பெல்ட் தானாகத் தளரும். சுருள்வில் டென்ஷனர் உள்ள வண்டியில், அதைத் தகுந்த ஸ்பேனரால் திருப்பிப் பிடித்துப் பெல்ட்டைக் கழற்றி, ஸ்பேனரை மெதுவாக விட வேண்டும். திடீரென்று விட்டால் கை நசுங்கும். திருப்புளியால் நெம்பிப் பெல்ட்டைக் கழற்றுவதோ மாட்டுவதோ கூடாது. உள்ளிருக்கும் நூல்கள் அறுந்து, வெளியே குறை தெரியாமலே பெல்ட்டின் ஆயுள் குறையும்.

இரட்டைப் பெல்ட் உள்ள வண்டிகளில் ஒன்று கெட்டாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். நீண்டுபோன பழைய பெல்ட்டுடன் புதியது சேர்ந்தால் பாரம் முழுவதும் புதியதன் மேலேயே விழும்.

புதுப் பெல்ட்டை மாட்டிய பின், ஒவ்வொரு வரியும் தன் பள்ளத்தில் அமர்ந்திருக்கிறதா என்று கையினால் தடவிப் பார்க்க வேண்டும். ஒரு வரி விலகி அமர்ந்தாலும் சில மைல்களுக்குள் பெல்ட் கிழிந்துவிடும். பிறகு டைனமோவின் கனமான பாகத்தில் மரக்கட்டையைக் கொடுத்து நெம்பி இறுக்கி, போல்ட்டுகளைப் பூட்ட வேண்டும். இறுக்கத்தின் அளவு வண்டியின் கைப்புத்தகத்தில் குறித்திருக்கும். பொதுவாக வீ-பெல்ட்டில், இரு புல்லிகளுக்கு நடுவேயுள்ள நீண்ட பாகத்தைக் கட்டைவிரலால் பலமாக அழுத்தினால் சுமார் 10 மில்லிமீட்டர் தாழ வேண்டும். தானே இறுகும் டென்ஷனருக்கு இந்தச் சோதனை வேண்டுவதில்லை. அதன் குறிமுள் இரு கோடுகளுக்கு நடுவே நின்றால் போதும்.

என்ஜினைக் கையினால் இரண்டு சுற்றுத் திருப்பிப் பார்த்து, பின் பாட்டரியை இணைத்து, பதினைந்து நிமிஷம் ஓடவிட வேண்டும். புது வீ-பெல்ட் முதல் ஓட்டத்தில் சிறிது நீளும். ஆகையால் ஆறிய பின் ஒருமுறையும், சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் மறுமுறையும் இறுக்கத்தைச் சரிபார்க்க வேண்டும். பலரும் விட்டுவிடுவது இந்தக் கடைசி வேலையையே.

தட்டைப் பெல்ட் காலத்தில் குங்கிலியப் பொடியும் விளக்கெண்ணெயும் பூசும் வழக்கம் இருந்தது. அது தோல் பெல்ட்டுக்கு உரியது. ரப்பர்ப் பெல்ட்டில் எண்ணெய், சோப்பு, மெழுகு எதையும் பூசக் கூடாது. சத்தம் சில நாள் அடங்கும். ஆனால் தூசி ஒட்டிக்கொண்டு தேய்மானம் இரட்டிக்கும்.

சில என்ஜின்களில் மூடிக்குள் பல்வரிசையுடன் கூடிய டைமிங் பெல்ட் வேறாக உண்டு. அது வால்வுகளின் ஓட்டத்தை ஒழுங்குபடுத்துவது. அதை மாற்றுவது பயிற்சி பெற்ற மெக்கானிக்கின் வேலை. மேலே கூறிய முறை அதற்குப் பொருந்தாது.

வாங்குதலும் பாதுகாத்தலும்

பழைய பெல்ட்டைக் கையில் கொண்டுபோய், அதன் குறியையும் வண்டியின் மாடல் வருஷத்தையும் காட்டியே வாங்க வேண்டும். பழையது நீண்டிருக்குமாதலால் நூல்பிடித்து அளந்த நீளத்தை நம்புதல் கூடாது. மதுரைக் கோச்சடையில் பென்னர் கம்பெனியின் பெல்ட் ஆலை இருப்பதால், இந்த ஜில்லாவில் நல்ல பெல்ட் கிடைப்பது அரிதன்று. எந்தக் கம்பெனியின் பெல்ட்டாயினும் ரசீதுடன் வாங்குவதும், அச்சு மங்கியோ எழுத்துப் பிழையுடனோ உள்ளதைத் தள்ளுவதும் நலம்.

ஒரு பெல்ட்டை எப்போதும் வண்டியில் உபரியாக வைத்திருக்க வேண்டும். அதை ஆணியில் மாட்டுவதும், வெயிலில் வைப்பதும், மடித்துக் கட்டுவதும் தவறு. பெரிய வளையமாகச் சுற்றித் துணிப்பையிலிட்டு, எண்ணெய் படாமல் ஆசனத்தின் பின்னால் வைக்கலாம். அதற்கேற்ற ஸ்பேனர்களும் உடனிருத்தல் வேண்டும். பெல்ட் இருந்தும் ஸ்பேனர் இல்லாமையால் சாலையில் இரவைக் கழிப்பதில் பிரயோசனமில்லை.

வெடிச் சரக்கு ஏற்றும் காலம்

சிவகாசியில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923-ஆம் வருஷத்தில் தொடங்கிய தீப்பெட்டித் தொழிலைப் பின்தொடர்ந்து பட்டாசுத் தொழிலும் வளர்ந்து, சுற்றுக் கிராமங்களுக்கெல்லாம் பரவியுள்ளது. தீபாவளிக்கு முன் மாதங்களில் விவசாயிகளின் பிக்கப் வண்டிகளுக்கும் வாடகை அழைப்பு வருவதுண்டு. பட்டாசு ஏற்றிச் செல்வது 1884-ஆம் வருஷத்து வெடிபொருள் சட்டத்துக்கும் 2008-ஆம் வருஷத்து விதிகளுக்கும் உட்பட்டது. அவ்விதிகளின்படி அமையாத வண்டியில் ஏற்றுவது, வாடகை எவ்வளவானாலும், செய்யத்தகாத காரியம். இது பற்றிய சந்தேகங்களை, சிவகாசியில் அலுவலகமுள்ள மத்திய அரசின் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பினிடம் கேட்டறியலாம்.

விதிப்படி அமைந்த வண்டியாயினும், பெல்ட் நிலைமையைப் பாராமல் சரக்கு ஏற்றுதல் கூடாது. இறுகிப்போன புல்லியின்மேல் வழுக்கும் பெல்ட் புகைந்து கருகும். கொதிக்கும் என்ஜினுடன் வண்டி சாலையோரத்தில் நின்றால், பின்னால் வெடிச் சரக்கும் நிற்கிறதென்பதை மறக்கலாகாது. சரக்கு இருக்கும் வண்டியில் பெல்ட் மாற்றும் வேலையைத் தொடங்காமல், ஜன நடமாட்டமில்லாத இடத்தில் நிறுத்தி, புகைபிடித்தலையும் தீயையும் தடுத்து, சரக்கின் சொந்தக்காரருக்கு உடனே தெரிவிக்க வேண்டும். தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளுக்குள் ஓடும் யந்திரங்களின் பெல்ட் இதினின்றும் வேறான விஷயம். ரப்பர்ப் பெல்ட் ஓடும்போது உராய்வினால் மின்சாரம் சேர்ந்து பொறி எழக்கூடுமாதலால், அங்கே ஐ.எஸ்.ஓ. 1813 என்னும் தரத்துக்கு இணங்கிய, மின்சாரம் தேங்காத பெல்ட்டே வேண்டும். மோட்டார் கடையில் கிடைத்ததை அங்கே மாட்டுவது உயிருக்கே அபாயம்.

கிராம அதிகாரிகளின் கவனத்துக்கு

ஊராட்சிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் உழவர் குழுக்களும் சொந்தமாக வண்டி வைத்திருக்கும் இடங்களில், ஒருவர் ஓட்ட மற்றொருவர் பராமரிப்பதால் பெல்ட்டைப் பற்றிக் கேட்பாரில்லாமற் போகிறது. வண்டியின் குறிப்புப் புத்தகத்தில் பெல்ட் மாற்றிய தேதி, அப்போது மீட்டர் காட்டிய கிலோமீட்டர், பெல்ட்டின் குறி, சோதித்த புல்லிகள், அடுத்த சோதனைக்குரிய நாள் ஆகிய ஐந்தையும் எழுதி வைக்கும்படி செய்தால் இக்குறை நீங்கும். எட்டு வருஷத்துக்கு மேற்பட்ட வாடகை வண்டிகளுக்கு வருஷந்தோறும் தகுதிச் சான்று பெற வேண்டியிருப்பதால், அந்தச் சமயத்தையே பெல்ட், புல்லி சோதனைக்கும் உரியதாக வைத்துக்கொள்ளலாம். சொந்த உபயோகத்துக்குள்ள பழைய வண்டிகளுக்குச் சித்திரை பிறக்குமுன் ஒருமுறையும், ஐப்பசி மழை தொடங்குமுன் ஒருமுறையும் சோதித்தல் போதுமானது. கோடைச் சூட்டுக்கு முன்னரும், மழைக்கால அறுவடைப் போக்குவரத்துக்கு முன்னரும் இவ்வேலை முடிந்துவிடும்.

சுருக்கம்

1. பாட்டரி விளக்கு எரிந்து சூடும் ஏறினால் வண்டியை உடனே நிறுத்துக.

2. வெடிப்பு இல்லையென்பதால் பெல்ட் நல்லதென்று எண்ணற்க, தேய்மானத்தைப் பார்க்க.

3. பெல்ட்டைக் கழற்றும்போதெல்லாம் எல்லாப் புல்லிகளையும் சுழற்றியும் அசைத்தும் பார்க்க, நேர்கோட்டையும் அளக்க.

4. எண்ணெய், தண்ணீர்க் கசிவை முதலில் நீக்கி, பின்னரே புதுப் பெல்ட் மாட்டுக.

5. நெம்பி மாட்டற்க, அளவு மீறி இறுக்கற்க, எதையும் பூசற்க.

6. புது வீ-பெல்ட்டின் இறுக்கத்தைச் சில நூறு கிலோமீட்டருக்குப் பின் மறுபடியும் சரிபார்க்க.

7. உபரிப் பெல்ட்டும் அதற்குரிய ஸ்பேனர்களும் வண்டியில் எப்போதும் இருக்கட்டும்.